கப்பைக் கொண்டுபோன யமமோட்டோ

ஒக்டோபர் 25, 2025, சனி

பேஸ்பால் வேர்ல்ட் சீரீஸ், நாலு மட்ச் வெல்லுறவைக்குக் கப். நேற்று முதல் மட்ச்ல எங்கட டொரொன்டோ புளூ ஜேய்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸுக்கு 11-4 எண்டு போட்டு வெளுத்த சந்தோசம் ஒரு நாள்கூட நிக்கேல்ல. யோஷினோபு யமமோட்டோ எண்டு ஒருத்தன், டொட்ஜர்ஸின்ர பிச்சர், பந்து எறியிறவன். முதல் இன்னிங்ஸ்லயே எங்கட ஸ்பிரிங்கர் டபுள் (ஒரே அடியில ரெண்டாம் பேஸ்), லூக்ஸ் சிங்கிள் (முதலாம் பேஸ்), ஒருத்தரும் அவுட் இல்ல, ஆள் முடிஞ்சான் எண்டு நாங்கள் ரீவிக்கு முன்னால எழும்பி நிண்டு கத்துறம், அவன் பாட்டுக்கு குரேரோவை அடிக்க விடாமலே ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி மற்ற ரெண்டு பேரையும் அனுப்பிப்போட்டுப் போய் இருந்திட்டான். மூண்டாவதுல ஒரு ரன் குடுத்தான், பிறகு கடைசி 20 பேர்ல ஒருத்தன்கூட பேஸுக்குப் போகேல்ல. 105 பந்து, ஒன்பது இன்னிங்ஸும் தானே போட்டு முடிச்சான். 5-1. இப்ப பிச்சர்மார் ஆறு இன்னிங்ஸ் போட்டாலே முதுகில தட்டி உள்ள கூப்பிடுவினம். இவன் போன ரவுண்ட்ல மில்வாக்கிக்கும் இப்பிடித்தான் முழுசாப் போட்டவன்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

18 இன்னிங்ஸ்!! வழமையா ஒன்பதுதான். விடிய மூண்டு மணியாகேக்க டொட்ஜர்ஸின்ர ஃப்ரீமன் பந்தை மதிலுக்கு வெளியால ஹோம் ரன் அடிச்சு 6-5, நாங்கள் தோல்வி, வேலைக்கு எப்பிடிப் போனன் எண்டே தெரியேல்ல. கடைசியில கமராவைத் திருப்பினா யமமோட்டோ பிச்சர்மார் ஆயத்தமாகிற புல்பென்ல நிண்டு கையைச் சூடாக்குறான். 105 பந்து போட்டு ரெண்டு நாள்தான்! நித்திரை குழம்பி எழும்பி வந்த அம்மா, "அந்தப் பிள்ளைக்கு வீட்டில சொல்ல ஆள் இல்லையோ" எண்டு கேட்டா.

ஒக்டோபர் 31, வெள்ளி

லொஸ் ஏஞ்சல்ஸ்ல அடுத்த ரெண்டும் நாங்கள் வெண்டு 3-2 எண்டு வந்தாச்சு, இன்னும் ஒண்டே ஒண்டு வெண்டாச் சரி, 1993க்குப் பிறகு கப் எங்களுக்கு. பாத்தா திரும்பவும் யமமோட்டோ. 6 இன்னிங்ஸ், 96 பந்து, ஒரு ரன். ஹலோவீன் பிள்ளையள் கதவைத் தட்டத் தட்ட மிட்டாயை அள்ளிப் போட்டிட்டு ஓடி ஓடி வந்து பாத்தது, 3-1 தோல்வி. ஒன்பதாவதுல பந்து மதிலடியில செருகினது, பிறகு ஒரே பந்தில ரெண்டு பேர் அவுட் ஆன அந்த டபுள் பிளே, அதையெல்லாம் எழுத மனமில்ல.

நவம்பர் 2, ஞாயிறு

ஏழாவது மட்ச். நேற்று இரவு தொடங்கி நடுச்சாமம் தாண்டித்தான் முடிஞ்சது. எங்கட பிஷெட் மூண்டு ரன் அடிக்க வீடே அதிர்ந்தது. ஒன்பதாவதுல நாங்கள் 4-3 முன்னுக்கு, இன்னும் ரெண்டே ரெண்டு அவுட் எடுத்தாச் சரி, அதில போய் டொட்ஜர்ஸின்ர மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன், 4-4! அவங்கட பெரிய அடிகாரன் ஓட்டானி அடிச்சிருந்தாலும் மனம் ஆறியிருக்கும், இவர் அடிப்பார் எண்டு ஆர் நினைச்சது.

அந்த இன்னிங்ஸ்ல எங்கட முறையில பேஸ்ல ரெண்டு பேர், ஒரு அவுட். புல்பென் கதவு திறக்குது, வாறது யமமோட்டோ. முதல்நாள் 96 பந்து போட்டவன்! எங்கட கேர்க்கின்ர மேலில பந்து பட எறிஞ்சு, அவர் சும்மா பேஸுக்குப் போக பேஸ் மூண்டும் நிறைஞ்சுபோச்சு, களைச்சிட்டான், இப்ப விழுவான் எண்டு நாங்கள் சாமியைக் கூப்பிடுறம். எங்கட வார்ஷோ அடிச்சதை ரோஹாஸ் தடுமாறிப் பிடிச்சு ஹோம் பேஸுக்கு எறிய ஒரு அடி வித்தியாசத்தில அவுட். கிளெமென்ட் தூக்கி அடிச்சதை டொட்ஜர்ஸின்ர பாஹெஸ் ஓடி வந்து சொந்த ஆளோட மோதி விழுந்து பிடிச்சான்.

11ஆவது இன்னிங்ஸ்ல டொட்ஜர்ஸின்ர வில் ஸ்மித் ஹோம் ரன், 5-4. எங்கட முறையில குரேரோ டபுள், பிறகு மூண்டாம் பேஸ்ல, முதலாம் பேஸ்லயும் ஆள். கேர்க்குக்கு ஸ்பிளிட்டர், நேர வாற மாதிரி வந்து கடைசியில கீழ விழுற பந்து, மட்டை முறிஞ்சு பந்து டொட்ஜர்ஸின்ர பெட்ஸிட்ட உருண்டு போக டபுள் பிளே, முடிஞ்சுது. அதுக்குள்ள இண்டைக்கு மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிற நாள் வேற, அழுறதுக்கு ஒரு மணித்தியாலம் கூடக் கிடைச்சுது.

மச்சான் ஃபோன்ல, ரோஹாஸும் பாஹெஸும் இல்லாட்டி அவன் அண்டைக்கே தோத்திருப்பான் எண்டு நிக்கிறான். அது உண்மைதான். ஆனா 2001ல ரன்டி ஜோன்சனுக்குப் பிறகு ஒரே சீரீஸ்ல மூண்டு வெற்றி எடுத்த பிச்சர் இவன்தான், சீரீஸின்ர சிறந்த ஆட்டக்காரனுக்கான எம்விபி விருதை வேற ஆருக்குக் குடுக்கிறது? 12 வருசத்துக்கு 325 மில்லியன் டொலர் குடுத்து எடுத்தவங்களாம். உந்தக் காசை எங்கடையாக்கள் குடுத்திருக்கலாமே எண்டுதான் எனக்கு எரியுது.