கார் ஷெட்டுக்குள் ஒரு பாம்பன் பாலம்

மண்டபம் ஊரில் உள்ள எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில், 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தை, மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி) வண்டிகள் அதில் ஓடிய காலத்துத் தோற்றத்திலேயே, 87-இல் ஒரு பங்கு அளவில் அமைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அளவில் மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இருப்புப்பாதை பொருந்தும். ஆனால் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பாலத்தை முழுமையாகச் செய்தால் 23 மீட்டரையும் தாண்டும், ஷெட்டின் நீளமோ 6 மீட்டர். ஆகவே தூண்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் என்ற பொறியாளரின் முறையில் அமைந்த தூக்குப் பகுதியை மட்டும் சிறிதும் சுருக்காமல் வைத்தேன். பாலத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மரச்சட்டம் எளிதில் முடிந்தது. உப்புக் காற்றோடுதான் பெரும்பாடு. முதலில் போட்ட இரும்புத் திருகுகள் ஒரே மழைக்காலத்தில் துருவேறிப் பலகையில் செம்பழுப்புக் கறையை இறக்கியதால், அத்தனையையும் கழற்றிப் பித்தளைத் திருகுகளை முடுக்கினேன். தண்டவாளம் நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) என்பதால் துருப்பிடிப்பதில்லை. எனினும் அதன்மேல் படியும் மெல்லிய படலம் மின்சாரத்தைத் தடுப்பதால், எஞ்சின் நடுப்பாலத்தில் திக்கித் திக்கி நின்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தால், துணியில் இரண்டு கரிய கோடுகள் விழும். வண்டி மறுபடி ஓடும்.

தூக்குப் பாலத்தின் இரு பாதிகளும் வளைந்த அடிப்பாகத்தின்மேல் உருண்டு, பின்னோக்கிச் சாய்ந்தபடியே எழுபவை. சாதாரணக் கீலில் அந்த அசைவு வராது என்பதால், இப்போது அந்த வளைவை அட்டையில் வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.