பொம்மை இல்லாத படம்

"பொம்மலாட்டப் புத்தகம் என்கிறீர்கள். படத்தில் பொம்மை எங்கே?" துறைத் தலைவர் கேட்ட இந்தக் கேள்வி, கண்காட்சி முடிந்த பிறகும் என்னை விடவில்லை.

விரித்து வைக்க நான் எடுத்துக் கொடுத்தது, ஜப்பானியப் பொம்மலாட்டக் கதையைப் படங்களோடு அச்சிட்ட ஒரு பழைய நூல். கின்பிரா என்பவனின் கதை. 1660களில் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) ஜோருரி ரசிகர்களைக் கட்டிப்போட்ட முரட்டு வீரன் அவன். பாடகர் கதை சொல்லப் பொம்மைகள் நடிக்கும் ஆட்டம்தான் ஜோருரி. படத்தில் கண்களை உருட்டி, கால்களை அகல ஊன்றி நிற்கிறான். தோளருகே ஒரு சிறு கட்டத்தில் அவன் பெயர். மரத்தலை இல்லை, ஆட்டுவிப்பவரின் கையும் இல்லை. ரத்தமும் சதையுமான ஆள். அக்கால ஓவியர்கள் பெரும்பாலும் மேடையை விட்டுவிட்டுக் கதையைத்தான் வரைந்தார்கள்.

பக்கத்தில் இன்றைய ஜப்பானியப் பொம்மலாட்டமான புன்ராகுவின் புகைப்படம் ஒன்றை மாட்டலாம் என்றார் தலைவர். நான் மறுத்தேன். புன்ராகுவில் ஒரு பொம்மையை மூவர் சேர்ந்து ஆட்டுவார்கள். அந்த முறை ஒசாகாவில் 1734இல்தான் வந்தது. கின்பிரா காலத்தில் பொம்மைக்கு ஒருவர். அவரும் திரைக்குப் பின்னே. அந்தப் புகைப்படத்தைப் பார்ப்பவர் இதை எப்படி அறிவார்? கியோட்டோவின் ஷிஜோ ஆற்றங்கரைக் கொட்டகைகளைக் காட்டும் பழைய மடக்குத்திரை ஓவியம் ஒன்றின் பிரதியை வைக்கலாம் என்றேன். அனுமதி வாங்க நாளில்லை என்றார். "சரி, உங்கள் விருப்பம்." கோபமே இல்லாமல் சொன்னார். கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பெரும்பாலானோர் அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கடந்து போனார்கள். அப்போதெல்லாம் அவர் சொன்னதே சரி என்று தோன்றும். இந்நூல்களே பாடகரின் பெயரைப் போட்டு, அவர் மேடையில் சொன்ன மூலம் இதுதான் என்று உறுதி கூறி விற்கப்பட்டவை. அரங்கின் பெயரால் விற்ற நூலை அரங்கின் சுவடே இல்லாமல் வைக்க நான் யார்?

உடனே கோச்சி ஹோயின் என்ற துறவியைப் பற்றிய ஜோருரி நூல் நினைவுக்கு வரும். 1685இல் எடோவில் அச்சான அந்நூலை ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் 1692இல் ஜப்பானிலிருந்து கொண்டுபோனார். உலகில் எஞ்சியது அந்த ஒரே பிரதி. இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1962இல் ஜப்பானிய அறிஞர் தோரிகோயே புன்சோ அதை அடையாளம் கண்டார். ஜப்பானிய இலக்கிய அறிஞர் டொனால்ட் கீன் ஊக்குவிக்க, 2009இல் நீகாட்டாவில் அது மீண்டும் மேடையேறியது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டு உறங்கிய ஆட்டத்தை ஒரு நூல் எழுப்பியிருக்கிறது! புகைப்படமா எழுப்பியது?

ஆனால் பழைய இசை கிடைக்கவில்லை, புதிதாகத்தான் அமைத்தார்கள். ஆட்டமும் அப்படியே. சொல்லையும் கதையையும் தவிர நூல் எதையும் காக்கவில்லை என்றால், என் வாதத்தைவிடத் தலைவரின் வாதத்துக்கே இது வலுச் சேர்க்கிறது.

அடுத்த கண்காட்சிக்கும் அதே கின்பிரா நூலைக் கேட்டிருக்கிறார்கள். புகைப்படம் வேண்டாம் என்றே எழுதியிருக்கிறேன். திரை ஓவியத்துக்கான விண்ணப்பத்தையும் உடன் அனுப்பிவிட்டேன்.