வரைபடத்துக்கு முன்னால் ஒரு பூங்கா

குடியிருப்புகளுக்கு நடுவே சும்மா கிடக்கும் ஒரு நிலத்தைப் பூங்காவாக மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், பெரும்பாலும் அதற்குப் பின்னாலேயே ஒரு வண்ண வரைபடமும் வந்து சேர்ந்துவிடுகிறது. நடைபாதை, ஊஞ்சல், நீரூற்று, புல்வெளி என அனைத்தும் அதில் இடம் பிடித்துவிட்ட பிறகு கூட்டம் கூட்டி, "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நடைபாதைக் கல் சிவப்பா சாம்பலா என்பதைத் தாண்டி அங்கே பேச்சு நகர்ந்து நான் பார்த்ததில்லை. அதில் மக்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிவு செய்ய அவர்களுக்கு விட்டுவைக்கப்பட்டது அவ்வளவுதான்.

1969-ஆம் ஆண்டில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர், பொதுத் திட்டங்களில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்துக் காட்டினார். மக்களுக்குத் தகவல் சொல்வது அதில் மூன்றாம் படி. கருத்துக் கேட்பது நான்காம் படி. கேட்ட கருத்து முடிவை மாற்றும் என்ற உறுதி இல்லாதவரை இவ்விரண்டும் பெயரளவிலான பங்கேற்புதான் என்பது அவர் கணிப்பு. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் பல பூங்காத் திட்டங்கள் அந்த நான்காம் படியிலேயே நிற்பதைப் பார்க்கும்போது வருத்தமாகவே இருக்கிறது.

முதலில் கேள்வியைத் திருத்த வேண்டும். "பூங்காவில் என்னென்ன வேண்டும்?" என்று கேட்டால், வேறு பூங்காக்களில் பார்த்த பொருள்களின் பட்டியல் ஒன்று கிடைக்கும். அதற்குப் பதிலாக அன்றாட வாழ்க்கையைக் கேட்க வேண்டும். மாலையில் உங்கள் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், மருத்துவர் நடக்கச் சொன்ன பெரியவர் இப்போது எந்தத் தெருவில் நடக்கிறார், எந்த நேரத்தில் வீட்டை விட்டு வெளியே வந்து உட்கார வேண்டும் போலிருக்கிறது, அப்போது எங்கே போகிறீர்கள் என்றெல்லாம் கேட்டால், பொருள்களுக்குப் பின்னால் இருக்கும் தேவை தானாகவே வெளிப்படும். பதில்களில் ஒரு பகுதியை நிலமே சொல்லிவிடும் என்பதால் நிலத்தையும் படிக்க வேண்டும். அதன் குறுக்கே தேய்ந்து கிடக்கும் ஒற்றையடிப் பாதை, பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கோ குடியிருப்புக்கோ மக்கள் பல ஆண்டுகளாக நடந்து நடந்து உண்டாக்கியது. அதை மறித்து வேலி போட்டால், வேலியின் கம்பிகள் எந்த இடத்தில் வளைக்கப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்தப் பாதை செல்லும் திசையிலேயே வாசலையும் நடைபாதையையும் வைப்பதுதான் அறிவுடைமை.

இவ்வாறு பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு வழிகாட்டியவர் அமெரிக்க நகர ஆய்வாளர் வில்லியம் வைட். 1970-களில் நியூயார்க்கின் சிறு சதுக்கங்களில் படக் கருவிகளை வைத்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்பதை அவர் குழுவினர் பொறுமையாகப் பதிவு செய்தார்கள். உட்கார வசதியான இடம் எங்கே அதிகமோ அங்கேதான் மக்கள் உட்காருகிறார்கள் என்ற, கேட்பதற்கு மிக எளிதான முடிவு அவருக்குக் கிடைத்தது. அந்த எளிய உண்மையைக் கவனிக்காமல் கட்டப்பட்ட சதுக்கங்களோ ஏராளம். நகர்த்தக்கூடிய நாற்காலி இருந்தால், உட்காருவதற்கு முன் அதைச் சற்றேனும் இழுத்துப் போட்டுக்கொள்வது மனிதர்களின் வழக்கம் என்பதையும் அவர் கண்டார். தன் இடத்தைத் தானே அமைத்துக்கொண்டோம் என்ற அந்தச் சிறு நிறைவை, தரையோடு பதித்த சிமென்ட் பெஞ்சு எந்நாளும் தருவதில்லை.

அடுத்தது, யாரைக் கேட்பது என்பது. மாலைக் கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், சங்க நிர்வாகிகள். வாடகைக்கு இருப்பவர்கள், இரவு வேலை பார்ப்பவர்கள், அந்நேரம் அடுப்படியில் நிற்கும் பெண்கள், சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள், பதின்வயதினர் ஆகியோர் அங்கே இருப்பதில்லை. அவர்களில்லாமல் எடுக்கும் முடிவு எப்படி ஒருபக்கமாகச் சாயும் என்பதற்கு வியன்னா நல்ல சான்று. ஏறத்தாழ பத்து வயதுக்கு மேல் சிறுமிகள் பூங்காக்களுக்கு வருவது வெகுவாகக் குறைந்துவிடுவதை 1990-களில் அங்கே நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. திறந்த மைதானத்தைச் சிறுவர்கள் ஒரே ஆட்டத்துக்காகப் பிடித்துக்கொள்ளும்போது, சிறுமிகள் போட்டி போடாமல் ஒதுங்கிவிட்டார்கள். 1999-ஆம் ஆண்டிலிருந்து ஐன்சீட்லர் பூங்கா, புரூனோ கிரைஸ்கி பூங்கா ஆகிய இரண்டையும் இந்தக் கோணத்தில் மாற்றியமைத்தார்கள். பெரிய வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதைகளைச் செம்மைப்படுத்தினார்கள், விளையாட்டு வகைகளைக் கூட்டினார்கள். சிறுமிகள் திரும்ப வந்தார்கள். கூட்டத்துக்கு வராதவர்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே தேடிச் சென்று கேட்பது கூடுதல் உழைப்புதான் என்றாலும், அந்த உழைப்பைத் தவிர்த்த திட்டத்தை மக்களின் திட்டம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

குழந்தைகளையும் கேட்க வேண்டும், ஆனால் காகிதத்தைக் கையில் கொடுத்து வரையச் சொல்லி அல்ல. நிலத்துக்கே அழைத்துச் சென்று ஓட விட வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் 1947 முதல் 1978 வரை கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை வடிவமைத்தார். தங்கள் தெருவில் சும்மா கிடந்த மூலைகளைச் சுட்டிக்காட்டி, இங்கேயும் ஒன்று அமையுங்கள் என்று மக்கள் நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் வைத்தவை மணல்தொட்டி, தாவிச் செல்லும் கற்கள், ஏறித் தொங்கும் கம்பிகள் போன்ற எளிய பொருள்களே. எப்படி விளையாடுவது என்பதைக் குழந்தைகளே முடிவு செய்துகொண்டார்கள்.

கருத்துகள் மோதத்தான் செய்யும். பந்தாட்டம் வேண்டும் என்பவருக்கும் அமைதி வேண்டும் என்பவருக்கும், இரவு விளக்கு வேண்டும் என்பவருக்கும் சன்னலில் வெளிச்சம் விழக் கூடாது என்பவருக்கும் நடுவே வாக்கெடுப்பு நடத்தினால், எண்ணிக்கையில் சிறியவர்கள் ஒவ்வொரு முறையும் தோற்பார்கள். நேரத்தைப் பிரிக்கலாம், இடத்தைப் பிரிக்கலாம். எல்லாவற்றையும்விட, எந்தக் கட்டுமானமும் தொடங்குமுன், கயிற்றையும் சுண்ணாம்புப் பொடியையும் எடுத்துக்கொண்டு போய், ஆடுகளத்தையும் நடைபாதையையும் உண்மையான அளவில் நிலத்திலேயே கோடு போட்டுக் காட்டலாம். காகிதத்தில் புரியாதது கால் வைத்ததும் புரியும். பத்துப் பேர் அந்தக் கோட்டுக்குள் நடந்து பார்த்தால், இரண்டு பேர் எதிரெதிரே வர இடமில்லை, பிற்பகல் வெயில் நேரே பெஞ்சில் விழுகிறது, அந்த மூலையில் மழைநீர் தேங்கும் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குவார்கள். சக்கர நாற்காலிக்கான சரிவு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதற்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதும் இப்படிக் கோடு போட்டால்தான் பலருக்கும் உறைக்கும்.

கையிலிருக்கும் தொகையை மறைக்கக் கூடாது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-இல் நிதி ஒதுக்கீட்டையே மக்களோடு சேர்ந்து முடிவு செய்யத் தொடங்கியது. கணக்கு தெரிந்தவர்கள் எதை விட்டுக்கொடுப்பது என்று பொறுப்போடு பேசுவார்கள். மக்களிடம் கருத்துக் கேட்டவர்கள் பதிலும் சொல்ல வேண்டும். எந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பதை நிலத்தின் வாசலிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். மறுப்பை மக்கள் தாங்கிக்கொள்வார்கள். மௌனம்தான் அவர்களை அடுத்த கூட்டத்துக்கு வரவிடாமல் செய்கிறது.

திறப்பு விழாவுக்குப் பிந்தைய காலத்தைப் பற்றியும் முதல் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும். நட்ட கன்றுகள் வேர் பிடிக்கும்வரை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, கழிப்பறைச் சாவி யாரிடம் இருப்பது, ஊஞ்சல் சங்கிலி தேய்ந்தால் யாரிடம் சொல்வது என்பவற்றுக்கு ஆள் குறிக்கப்படாத பூங்கா விரைவிலேயே பூட்டப்பட்டுவிடும். செலவு முழுவதையும் திறப்பதற்குள் முடித்துவிடாமல் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்றும் நான் வலியுறுத்துவேன். ஓராண்டு கழித்து, பயன்படுத்துபவர்களை மீண்டும் கூட்டி, யாரும் உட்காராத பெஞ்சை நிழலுக்கு மாற்றவும், புல்லில் புதிதாக விழுந்திருக்கும் ஒற்றையடிப் பாதைக்குக் கல் பாவவும் அந்தத் தொகை வேண்டியிருக்கும்.