பொன்வண்டு சத்தமும் பத்தொம்போது கேமராவும்

நேத்து ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஹால்ல உக்காந்து ஒரு கேமராவ காதுல வச்சு கேட்டுட்டு இருந்தேன். உள்ள ரோல் கிடையாது. யாஷிகா-டி, ரெண்டு கண்ணு வச்ச டப்பா கேமரா, மேல இருக்குற லென்ஸ்ல நாம பாக்கணும், கீழ இருக்குறது படம் புடிக்கும். ஷட்டர் ஸ்பீட, அதாவது படம் புடிக்கிற கண்ணு எவ்ளோ நேரம் தெறந்திருக்கணுங்கறத, ஒரு செகண்ட்ல வச்சு லிவர இழுத்து தட்டி விட்டா 'க்ளிக்'னு தெறந்து, தீப்பெட்டியில பொன்வண்டு அடைச்ச மாதிரி உள்ள 'ஜ்ஜ்ஜ்ஜ்'னு ஓடி, 'டக்'குனு மூடணும். இது 'ஜ்ஜ்'ஜோட பாதியில நின்னுடுது. விரலால ஒரு தட்டு தட்டுனா மிச்சத்த ஓடி முடிக்குது. பத்து தடவ பண்ணிருப்பேன், இருவது தடவ பண்ணிருப்பேன், பெட்ரூம்லேர்ந்து "ஏங்க, அந்த பூச்சிய வெளிய விட்டுட்டு வந்து படுங்க"ன்னு குரல் வந்துச்சு.

எங்க வீட்ல இப்ப 19 கேமரா இருக்கு. வீட்டம்மா கணக்குல 14.

பழைய கேமரா சேக்குறேன்னு சொன்னா உடனே எல்லாரும் கேக்குறது, அப்பா வச்சிருந்தாரா, தாத்தா ஸ்டுடியோ நடத்துனாரான்னு தான். ஒரு மண்ணும் கிடையாது. எங்க வீட்ல கேமராவே இருந்ததில்ல. திருநெல்வேலி பக்கம் சின்ன ஊரு, கல்யாணம் காதுகுத்துன்னா டவுன்லேர்ந்து ஸ்டுடியோகாரர் வருவாரு, அவ்ளோதான். பத்தாங்கிளாஸ் பரிச்சைக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுக்க போனப்ப "தாடைய எறக்குல, கண்ண சிமிட்டாத"ன்னு அவர் அதட்டுனது தான் எனக்கும் ஃபிலிம் கேமராவுக்கும் இருந்த மொத்த சகவாசம். அதனால மலரும் நினைவுகள்னு யாராச்சும் ஆரம்பிச்சா எனக்கு லேசா எரிச்சலா தான் வரும்.

மாட்டுனது பல்லாவரம் சந்தையில. வெள்ளிக்கிழமை காலைல பழைய டிரங்க் ரோட்டுல போடுவாங்களே, செடி, கோழி, பழைய மிக்ஸி, ஒத்த செருப்பு வரைக்கும் விக்கிற சந்தை. நான் போனது ஒரு டேபிள் ஃபேன் வாங்க. தார்ப்பாய்ல கெடந்த ஒரு கறுப்பு டப்பாவ சும்மா கையில எடுத்து பாத்தேன், பக்கத்துல ஒரு லிவர் இருந்துச்சு, அமுக்குனேன், 'டிக்'குனுச்சு. அக்ஃபா க்ளிக் த்ரீ. 150 ரூவா. ஃபேன் வாங்கல.

க்ளிக் த்ரீ பத்தி தெரியாதவங்களுக்கு: அக்ஃபா ஜெர்மன் பேரா இருந்தாலும் இது நம்ம ஊர்ல பரோடாவுல செஞ்சது. 120ங்கற சைஸ் ரோல் போடணும், சதுர சதுரமா பன்னெண்டு படம் வரும். அதுக்கு ஸ்பீடு பத்தி எல்லாம் பேச்சே கிடையாது, வெயிலா மேகமான்னு மட்டும் கேக்கும். உள்ள ஒரு தகடு, ஒரு ஸ்ப்ரிங். வீட்டுக்கு வந்து கழட்டி பாத்தப்ப எனக்கு கெடச்ச சந்தோஷம் இருக்கே, ச்சை, இவ்ளோதானா மேட்டருன்னு. நான் ஆபிஸ்ல பாக்குற வேலையில ஒண்ணு ஏன் நின்னுச்சுன்னு கண்டுபுடிக்க மூணு டீமுக்கு மெயில் போட்டு ரெண்டு நாள் காத்துக்கெடக்கணும், அப்பவும் "இப்ப சரியாயிடுச்சு, செக் பண்ணுங்க"ன்னு தான் பதில் வரும், ஏன் நின்னுச்சு ஏன் ஓடுச்சுன்னு யாருக்கும் தெரியாது. இங்க நின்ன எடம் கண்ணுக்கு தெரியுது. டூத்பிக்ல தொடலாம்.

தொட்டு கெடுக்கவும் செய்யலாம். ரெண்டாவதா வாங்குனது ஒரு மடக்கு கேமரா, துருத்தி மாதிரி முன்னாடி இழுத்தா வரும். அதுல ஸ்லோ ஸ்பீடு எல்லாம் படுத்துருந்துச்சு. நான் என்ன பண்ணேன், தையல் மிஷின் எண்ணெய்ய எடுத்து ஊசி சிரிஞ்சுல ரெண்டு சொட்டு விட்டேன். அஞ்சு நிமிஷம் சூப்பரா ஓடுச்சு. மறுநாள் எண்ணெய் பரவி ஷட்டர் தகடு மேல எறங்கிருச்சு, ஒவ்வொண்ணும் முடிக்கனத்துக்கும் கம்மியான தகடு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா அந்த துக்கடா ஸ்ப்ரிங்குக்கு பிரிக்கிற தெம்பு இருக்காது. சுத்தமா செத்துருச்சு. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மாடியில கேமரா ரிப்பேர் பண்ற பாய் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட கொண்டு போனேன். மோந்து பாத்தாரு. சத்தியமா, மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாத்துட்டு, "தம்பி, எண்ண விட்டியா?"ன்னாரு.

"ரெண்டு சொட்டு தான் பாய்."

"சட்டை தைக்கவா வாங்குன இத?"

அன்னைக்கு தான் கத்துக்குடுத்தாரு. ஸ்லோ ஸ்பீடுக்கு உள்ள குட்டி குட்டி பல்சக்கரம் வரிசையா இருக்கும், கடைசியில ஒரு நங்கூரம் மாதிரி துண்டு இப்படியும் அப்படியும் ஆடி சக்கரத்த ஓட விடாம புடிச்சு புடிச்சு விடும், சுவர் கடிகாரத்துல இருக்குற அதே வேலை தான், அந்த 'ஜ்ஜ்ஜ்' சத்தம் அது ஆடுற சத்தம். அம்பது வருஷத்துல அதுல இருந்த எண்ணெய் காஞ்சு பிசினாயிடும். தேவை எண்ணெய் கெடையாது, கழுவுறது. சிகரெட் லைட்டருக்கு ஊத்துற ஃப்ளூயிட்ல கழுவி, ஓட விட்டு, மறுபடி கழுவி, காய விட்டு, அதுக்கு மேல வேணும்னா குண்டூசி முனையில எடுத்த எண்ணெய்ய சக்கரத்தோட அச்சுல மட்டும் தொட்டு வைக்கணும். தகட்டு பக்கம் தப்பி தவறி கூட போகக்கூடாது. இத சொல்லிக்கிட்டே அவரு கழுவுன விதம், ஒரு ஸ்குரூவக்கூட தேடல, கழட்டுன வரிசையில ஒரு தட்டுல வட்டமா அடுக்கிட்டு திரும்ப அதே வட்டத்துல எடுத்தாரு.

அப்பலேர்ந்து ஒரே கண்டிஷன், செல், அதான் பேட்டரி, கேக்குற கேமரா வாங்கறதில்ல. படம் எடுக்க செல்லே தேவைப்படக்கூடாது, வெளிச்சத்த அளக்குற மீட்டருக்கு மட்டும்னா ஓகே. பென்டாக்ஸ் கே1000 அப்படித்தான், 1976லேர்ந்து 1997 வரைக்கும் பெரிய மாத்தம் இல்லாம வித்துக்கிட்டே இருந்தாங்க, செல் செத்தாலும் ஷட்டர் அது பாட்டுக்கு அடிக்கும். நிக்கான் எஃப்எம்2 இன்னும் ஒரு படி மேல, 1982ல வந்தது, வெறும் ஸ்ப்ரிங்க வச்சே செகண்டுல நாலாயிரத்துல ஒரு பங்கு. இத முதல் தடவ படிச்சப்ப நம்பவே இல்ல. எங்கிட்ட எஃப்எம்2 இல்ல, விலை கேட்டா மயக்கம் வருது, அத விடுங்க. பழைய மீட்டருங்களுக்கு இன்னொரு ரோதனை, அந்த காலத்து பாதரச செல் 1.35 வோல்ட், அத நிறுத்திட்டாங்க, இப்ப கெடைக்கிறது 1.5 வோல்ட், போட்டா மீட்டர் பொய் சொல்லும். அதனால மீட்டர் இல்லாத கணக்கு தான்: நல்ல வெயில்னா அப்பெர்ச்சர், அதாவது லென்ஸ் துளை, 16ல வச்சு, ரோல் மேல போட்டிருக்குற ஃபிலிம் ஸ்பீடு நம்பர் என்னவோ அதுவே ஷட்டர் ஸ்பீடு. 200 ஃபிலிம்னா 1/200, டயல்ல 1/250 தான் இருக்கும், வச்சுக்கோங்க. நம்ம ஊர்ல நல்ல வெயிலுக்கு என்ன பஞ்சம்.

சந்தையில வாங்குறது தனி கலை. கேமராவ நேரா பாக்கவே கூடாது. முதல்ல ஃபேன் ரெகுலேட்டர் எவ்ளோன்னு கேக்கணும், அப்புறம் கத்திரிக்கோல, அப்புறம் போற போக்குல "இது என்னண்ணே, ஓடுமா?" "ரோல் போட்டா ஓடும் சார், ஆண்டிக் பீஸு." பழசுன்னா ஆண்டிக், உடைஞ்சிருந்தா ரேர் ஆண்டிக். பின் கதவ தெறந்து வானத்த பாத்து ஒவ்வொரு ஸ்பீடா அடிச்சு பாப்பேன், துணி திரை ஷட்டர்னா ஊசி ஓட்டை இருந்தா நட்சத்திரம் மாதிரி தெரியும். மொபைல் டார்ச்ச லென்ஸுக்குள்ள அடிச்சா ஃபங்கஸ் சிலந்தி வலை மாதிரி தெரியும்.

ஒரு தடவ ஒருத்தர் துணியில சுத்தி வச்சிருந்தத பிரிச்சு காட்டுனாரு. தங்க கலர்ல பளபளன்னு ஒரு லைகா, பேர் போன ஜெர்மன் கேமரா, மேல நாஜி கழுகு செதுக்கிருக்கு, நாப்பத்தஞ்சாயிரம், ஜெர்மன்காரன் விட்டுட்டு போனதாம். எனக்கு கை நடுங்குச்சுங்கறத ஒத்துக்குறேன். லென்ஸ மட்டும் கழட்டி பாத்துக்குறேண்ணேன்னு கெஞ்சி கழட்டுனேன். உள்ள மேல் பக்கம் ஒரு சின்ன கை நீட்டிக்கிட்டு இருக்கும், லென்ஸ் முன்ன பின்ன போறத தொட்டு பாத்து சொல்றது. ஒரிஜினல் லைகால அதோட நுனியில குட்டி உருளை இருக்கும். இதுல மழுங்குன ஆப்பு மாதிரி இருந்துச்சு. லைகாவ பாத்து சோவியத்ல செஞ்ச ஃபெட் கேமரா, இல்ல ஸோர்க்கி. மேல இருந்த பேர தேச்சு அழிச்சுட்டு லைகான்னு செதுக்கி தங்க முலாம் பூசுனது, உலகம் பூரா சுத்துற சரக்கு.

சிரிப்பு என்னன்னா ஃபெட்டோட சொந்த கதையே இந்த போலி கதைய விட பெருசு. உக்ரைன்ல கார்கிவ்ல, அநாதையா திரிஞ்ச பசங்களுக்காக நடத்துன கம்யூன்ல 1934ல லைகாவ பாத்து அப்படியே செய்ய ஆரம்பிச்சாங்க. அத நடத்துனவர் மக்காரென்கோ, பாடம் பாதி நேரம் பட்டறை பாதி நேரம்னு. ஃபெட்ங்கறது ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியோட முதலெழுத்துங்க, சோவியத் ரகசிய போலீஸ ஆரம்பிச்ச ஆளு. ரகசிய போலீஸ்காரர் பேர்ல அநாத பசங்க செஞ்ச கேமரா, அதுக்கு மேல நாஜி கழுகு. அத அப்படியே ஃபெட்டுன்னு சொல்லி ரெண்டாயிரத்துக்கு குடுத்திருந்தா அன்னைக்கே வாங்கிருப்பேன்.

வாங்குறத விட காப்பாத்துறது தான் கொடுமை. நம்ம கடலோர காத்துக்கு ஒரு மழைக்காலம் பீரோல பூட்டி வச்சா போதும், லென்ஸுக்குள்ள பயிர் வச்சிரும். ஏர்டைட் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன், ஈரம் குடிச்சா ஆரஞ்சு மணி பச்சையா மாறும், திரும்ப சூடு காட்டுனா ஆரஞ்சாயிடும். அத வாணலியில போட்டு வறுத்தேன். வடகம் வறுக்கிறேன்னு நெனச்சு எங்கம்மா கைய விட போனாங்க. இப்ப எனக்குன்னு தனி வாணலி, மேல மண்டையோடு படம் வரஞ்சு பால்கனில வச்சிருக்கேன்.

ரோல் சமாச்சாரமும் சொல்லணும். ஒரு கலர் ரோல் இப்ப ஆயிரம் ரூவா பக்கம், கழுவி ஸ்கேன் பண்ண இன்னொரு நானூறு ஐநூறு. ஊட்டியிலயே ஃபிலிம் செஞ்ச காலம் இருந்துச்சு, ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், அரசாங்க கம்பெனி, ஃபிலிம் பேரு இந்து (Indu). ஃபேக்டரி இருந்த ஏரியாவுக்கு இன்னும் இந்து நகர்னு தான் பேரு. காலி இந்து அட்டைப்பொட்டி ஒண்ணு சந்தையில கெடச்சுது, பத்து ரூவா, பத்தொம்போதுல அத சேக்கல.

அக்கா பேத்திக்கு காதுகுத்து, போன வருஷம், ஊர்ல. கே1000ல முப்பத்தாறு படமும் எடுத்தேன். மடியில உக்காந்த கொழந்த, ஆசாரி ஊசிய பின்னாடி ஒளிச்சு வச்சது, அத்தான் அழுதது, எல்லாம். கவுண்டர் 36 தாண்டி 37, 38னு போகுது, நல்ல ரோலு போலன்னு நெனச்சேன். 40 வந்தப்ப வயித்துல ஏதோ பெசஞ்சுது. ரோல் பல்லுல மாட்டவே இல்ல. நாக்கு மட்டும் வெளிய தொங்கிக்கிட்டு அப்படியே இருக்கு, நான் நாலு மணி நேரம் காத்த வைண்ட் பண்ணிட்டு இருந்திருக்கேன். வைண்ட் பண்றப்ப இடது பக்க சுருட்டுற குமிழு கூட சேர்ந்து சுத்துதான்னு பாக்கணும், சுத்தலைன்னா ரோல் ஓடல. அஞ்சாங்கிளாஸ் பாடம் மாதிரி, எல்லாருக்கும் சொல்லி குடுத்தவன் நான். அக்கா இன்னைக்கு வரைக்கும் "போட்டோ கழுவி வந்துச்சாடா"ன்னு கேக்குது, இன்னும் வரலக்கான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.

யாஷிகாவ இன்னைக்கு காலைல முன் தகட்ட கழட்டி கழுவுனேன். அந்த பல்சக்கர வரிசையில பழுப்பா ஒரு கோடு, மூக்குப்பொடி கலர்ல, டூத்பிக்ல சொரண்டுனா மெழுகு மாதிரி வந்துச்சு. மூணு கழுவல். இப்ப ஒரு செகண்ட் முழுசா ஓடுது, மொபைல்ல ரெக்கார்ட் பண்ணி அளந்தா ஒண்ணேகால் செகண்ட் வருது. பாய்க்கு சத்தத்த வாய்ஸ் நோட்டா அனுப்புனேன். "குளிர்ல மறுபடி கேளு"ன்னு மட்டும் பதில் வந்துச்சு. சென்னையில குளிருக்கு எங்க போறது, ஃப்ரிட்ஜ்ல தான் வைக்கணும், வீட்டம்மா ஊருக்கு போகட்டும்.

கே1000ல தீபாவளிக்கு போட்ட ரோல் இன்னும் உள்ள தான் இருக்கு. 22லயே நிக்குது. அத முடிச்சே தீரணும்னு தான் போன வெள்ளிக்கிழமை பல்லாவரத்துக்கு கழுத்துல மாட்டிட்டு போனேன். திரும்பி வரும்போது கவுண்டர்ல 23, பையில இன்னொரு க்ளிக் த்ரீ.