அலாரம் ‘ஆஃப்’ ஆனால் அடிக்குமா, நிற்குமா?

தீ அபாய மணி ‘கோஸ் ஆஃப்’ என்றால் உடனே கட்டடத்தை விட்டு வெளியேறவும் என்ற ஆங்கில அறிவிப்பைப் படிக்கும் ஒருவர், மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் வெளியேற வேண்டும் என்று எண்ணிக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பேச்சில் ஆஃப் ஆவது என்றால் நின்றுபோவதுதான். ஆங்கிலத்திலும் விளக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்தது என்றே பொருள். ஆனால் அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடித்தது, குண்டு என்றால் வெடித்தது, பால் என்றால் கெட்டுப்போனது.

இந்தத் தடுமாற்றம் புதிதன்று. 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினைச்சொல்லின் பின் ஒரு சிறு சொல் சேர்ந்து பொருளை மாற்றிவிடும் இவ்வகைத் தொடர்களே அயல்மொழியினருக்குப் பெரும் இடர் தருவன என்று அதன் முன்னுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார்.

பொருள்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘ஆஃப்’ என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் ‘விட்டு விலகி’ என்பதாகும். எனவே எது எதை விட்டு விலகுகிறது என்று கேட்டுப் பார்ப்பதே நல்ல வழி என்பது என் கருத்து. துப்பாக்கியில் அடைபட்டிருந்த விசை விடுபடும்போது அது வெடிக்கிறது. சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தில், முறுக்கி வைத்த சுருள்வில்லைப் பிடித்திருந்த தடை விலகியதும் மணி அடிக்கத் தொடங்குகிறது. விளக்கிலோ ஒளியே போய்விடுகிறது. ‘கரண்ட் போய்விட்டது’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது அந்நியமானதே அன்று. ‘கெட்டுப்போனது’, ‘அணைந்துபோனது’ என்று துணைவினையாக வரும் ‘போ’வும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. அந்தத் துணைவினை கைகொடுக்காத இடம் அலாரமும் வெடியும் மட்டுமே என்பதால், ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்த ஒன்று விடுபட்டுச் செயல்படுவதை அங்கே தனியாக நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடித்தது. அலாரம் ‘இஸ் ஆஃப்’ என்றால் அது அடிக்கவே அடிக்காது, ஏனெனில் அங்கே நடந்த செயல் சொல்லப்படவில்லை, இருக்கும் நிலைதான் சொல்லப்படுகிறது. பாலுக்கும் விளக்குக்குமோ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பொருள்தான்.

பால் கெட்டதை இப்படிச் சொல்வது பெரும்பாலும் பிரிட்டன் வழக்கு; அமெரிக்கர்கள் ‘வென்ட் பேட்’ என்பார்கள். காபியை முன்பு விரும்பிக் குடித்தவருக்கு அதில் நாட்டம் விட்டுப்போனதையும் பிரிட்டனில் ‘வென்ட் ஆஃப் காபி’ என்றே சொல்கிறார்கள். அமெரிக்கப் பேச்சிலோ இதனுடன் ‘ஆன்’ என்ற சொல்லையும் சேர்த்து ஒருவர் பெயரைச் சொன்னால், அவர்மீது சினந்து கத்தியதாகப் பொருள். அங்கே அடக்கி வைத்திருந்த கோபம் துப்பாக்கியின் விசையைப் போலவே விடுபடுகிறது.