காஞ்சனாபுரியில் நம்மவர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

சயாம் மரண ரயில் என்றால் மலேசியத் தமிழர் வீடுகளில் விளக்கம் வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை அது. தாத்தாவோ தாத்தாவின் தம்பியோ போனார், திரும்பவில்லை என்பதோடு பேச்சு நின்றுவிடும். போன இடத்தை, தாய்லாந்தின் காஞ்சனாபுரியை, ஒருமுறையாவது பார்த்துவிட்டு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

பாங்காக்கிலிருந்து ரயிலில் போங்கள். நம்மவர்கள் போட்ட தண்டவாளத்தில் இன்னும் ஓடும் ரயில் அதுதான். பலர் பெரிய ரயில் நிலையத்துக்குப் போய் ஏமாறுகிறார்கள். இந்த வண்டி ஆற்றுக்கு மேற்கே உள்ள தோன்புரி நிலையத்திலிருந்து காலை 7.50 வாக்கில் புறப்படும்; முதல் நாளே நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டவருக்கு 100 பாட். மூன்றாம் வகுப்பு மட்டும்தான், இருக்கை முன்பதிவு கிடையாது. சீக்கிரம் போய் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சுமார் மூன்று மணி நேரத்தில் காஞ்சனாபுரி.

நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், பாதை வேலையில் இறந்த போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம். காமன்வெல்த் வீரர்கள் 5,084 பேர், டச்சுக்காரர்கள் 1,896 பேர். ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. சிலவற்றில் வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. பாதையோரம் இருந்த நீயேக்கி முகாமில் எரியூட்டப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் இருக்கிறது, ஆனாலும் 300 பெயரும் மண்டபச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இங்கே அவசரப்படாமல் ஒரு வரிசையையாவது முழுதாகப் படியுங்கள். ஒரு மனிதனின் சாவைக் கணக்கில் வைப்பது என்றால் என்ன என்பது அப்போதுதான் புரியும். அது நம்மவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதையை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். ஜப்பானியரிடம் பிடிபட்ட போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்று கணக்கிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலையில்லாத நேரம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று சொல்லித்தான் ஆரம்பத்தில் ஆள் எடுத்தார்கள். அப்புறம் கண்ணில் பட்டவர்களைப் பிடித்துப் போனார்கள்.

ஏன் இத்தனை வித்தியாசம்? கைதிகளோடு அவர்களுடைய டாக்டர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வைத்தார்கள். இறந்தவர் பெயரை ஒளித்து எழுதி வைத்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு டாக்டரும் இல்லை, பெயர் எழுத ஆளும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். பட்டியல் இல்லாதவர்களுக்குக் கல்லறையும் இல்லாமல் போனது.

அதனால் அடுத்து வாட் தாவோர்ன் வராராம் போக வேண்டும். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிச் சீன இடுகாடு; அதற்கு அப்பால் இந்தப் புத்தக் கோயில். ஊர்க்காரர்களிடம் ‘வாட் யுவான்’ என்று கேட்டால் சுலபமாகக் காட்டுவார்கள். இங்கே பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. 2023-இல் தமிழ்த் தொழிலாளர்களுக்காக நடுகல்லும் நாட்டினார்கள். இறந்தவனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். எண்பது வருஷம் பிந்தினாலும் சரியான கல் இதுதான். தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள். பூ வாங்கிப் போகலாம்; கற்பூரமோ விளக்கோ ஏற்றுவதானால் முதலில் அங்குள்ள பிக்குவிடம் கேளுங்கள். போனவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துப் போங்கள். அங்கே நின்று அதை வாய்விட்டுப் படிக்கலாம்.

இந்தப் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்துக்கு அருகே ஜப்பானியர் 1944-இல் எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. அதைச் சுற்றிய பல மொழிப் பலகைகளில் தமிழும் உண்டு. சாகடித்தவர்களே எழுதியது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். பாலத்துக்கு இவ்வளவு போதும்.

மேற்கொண்டு ‘நாம் தோக்’ என்ற கடைசி நிலையம் வரை ரயில் போகும். வழியில் தாம் கிராசேயில் பாறையை ஒட்டிய மரப்பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்து போகும்; கீழே ஆறு. இடப்பக்கம் உட்காரச் சொன்னது இதற்குத்தான். எல்லாரும் தவறுகிற இடம் அடுத்தது: பாதைக்காகப் பாறையை வெட்டிப் பிளந்த ஹெல்ஃபயர் கணவாய்க்கு ரயில் போகாது. நாம் தோக்கிலிருந்து சாலையில் இன்னும் 20 கிலோமீட்டர் போல. கணவாயை மட்டும் பார்ப்பதானால் காஞ்சனாபுரியிலிருந்து நேரே பேருந்து ஏறுங்கள். சுமார் 80 கிலோமீட்டர். இறங்கிய உடனே திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

கணவாயில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை, மாலை 4 மணிக்கு மூடிவிடுவார்கள். கணவாய்க்குச் செங்குத்தான படிகள். ஏறி வருவதுதான் கஷ்டம், முதியவர்களை யோசித்து அழைத்துப் போங்கள். தரையெல்லாம் ஜல்லி என்பதால் செருப்பு உதவாது. ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலியர்கள் விடியற்காலையில் கூடுவார்கள், அன்று கூட்டம் அதிகம். கீழே சுவர்ப்பாறையைக் கையால் தடவிப் பாருங்கள். உளியைப் பிடித்துச் சம்மட்டியால் அடித்து வெடிமருந்துக்காகத் துளைத்த குழிகள் வரிவரியாகத் தெரியும். ஒன்றில் உடைந்த உளி இன்னும் பாறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது.