பத்தாவது சொல்

சிகாகோவுக்கு வந்த புதிதில் எனக்கு வழி தெரிந்த ஒரே தெரு டெவான் அவென்யூதான். புளியும் முருங்கைக்காயும் அங்கேதான் கிடைக்கும். அந்தத் தெருவின் ஒரு பகுதிக்குக் காந்தி மார்க் என்று கௌரவப் பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால், இஸ்ரேல் பிரதமராக இருந்த கோல்டா மேயர் பெயரில் இன்னொரு பலகை.

எங்கள் மாடி வீட்டில் ஒரு யூதப் பாட்டி. ஒரு வெள்ளிக்கிழமை, “சாயங்காலம் எங்கள் சினகாகுக்கு வருகிறாயா?” என்றார். சினகாக் என்றால் யூதர்களின் ஜெப ஆலயம். வேற்று மதத்துக்காரி வரலாமா என்று தயங்கினேன். “தாராளமாக. சாப்பிட ஏதாவது கொண்டு வா, கறி மட்டும் வேண்டாம்.” இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் விதி. ஆளாளுக்கு ஒன்று கொண்டு வருகிற இடத்தில் எது எதோடு சேர்கிறது என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? அதனால் கறியே கிடையாது. அலுவலக விருந்துகளில் சாலட்டைக் கிளறிக்கொண்டு நிற்கும் எனக்கு இது போதாதா! எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டு போனேன்.

எங்கள் பகுதியில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காரும் ஜெப ஆலயங்கள்தான் அதிகம். இது அப்படியில்லை. வழிபாட்டை நடத்தும் மதகுருவான ரபாயே ஒரு பெண். இரண்டு ஆண்கள் கைகோத்தபடி தங்கள் குழந்தையோடு வந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் நாலைந்து பேர் வந்து விசாரித்தார்கள். பிரார்த்தனைப் புத்தகத்தை நான் கடைசிப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன், எபிரேயம் வலமிருந்து இடம் போவது தெரியாமல். வாராந்தர ஓய்வுநாளான சப்பாத்தை மணப்பெண்ணாக வரவேற்கும் பாட்டின் முடிவில் எல்லோரும் வாசல் பக்கம் திரும்ப, யாரோ பெரிய மனிதர் வருகிறார்போல என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

சரி, இதெல்லாம் விருந்தாளி பார்த்தது. அந்த இடம் எனக்குப் பிடிபட்டது ஒரு ஜனவரி மாலையில்.

பாட்டியின் அம்மாவுக்கு யார்சைட். நம் திதி மாதிரிதான். அவர்களுக்கும் மாதக் கணக்கு சந்திரனை வைத்தே. வீட்டில் ஒரு நாள் முழுக்க எரியும் மெழுகுவத்தி ஏற்றி, கோயிலில் இறந்தவருக்கான பிரார்த்தனையான கதீஷ் சொல்ல வேண்டும். ஊரில் அப்பாவுக்குத் திதி கொடுப்பது அண்ணன். எனக்கு அதில் இடமில்லை. இங்கே மகளே சொல்லலாம். ஆனால் தனியாகச் சொல்ல முடியாது, வயதுவந்த யூதர்கள் பத்துப் பேர் கூட வேண்டும். பெண்களையும் அந்தப் பத்தில் சேர்க்கலாம் என்று இவர்களுடைய கன்சர்வேடிவ் பிரிவு முடிவு செய்ததே 1973இல்தான். (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இது நடுவழிப் பிரிவு.)

அன்று நல்ல பனி. ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அவர்கள் வழக்கமில்லை. பைபிளின் சங்கீதம் 28இல், எபிரேயத்தில் பத்துச் சொல் கொண்ட வசனம் ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். ஒரு பெரியவர் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போனார். ஒன்பதாவது சொல்லோடு நின்றுவிட்டது.

வருத்தமா என்றால், இல்லை. எங்கள் வீட்டுத் திதியில் இந்தப் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்போமா என்றுதான் யோசித்தேன்.

ரபாய் யார் யாருக்கோ செய்தி அனுப்பினார். பாட்டி கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அதைப் பார்க்க முடியாமல் நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். கால் மணி நேரம் கழித்து ஓர் இளைஞன் தெருவைக் கடந்து ஓடி வந்தான். கதவைத் திறந்துவிட்டேன். பூட்ஸில் இருந்த பனியை அவன் உதறி முடிப்பதற்குள் பெரியவர் உள்ளேயிருந்து அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டார்: “ஹா ஓலாம்.”

பாட்டி கைப்பையைக் கீழே வைத்தார்.